கால் மடக்கும் வெளிச்சம்

கிணற்றுக்கு வேலி போடக் கூடாது என்று கோர்ட் சொன்ன பிறகு, முள்ளும் கூடாது, கல்லும் கூடாது, கம்பியும் கூடாது, ஒரு கயிறு கட்டினாலும் கட்டினவர் கை ஓங்கிவிடும் என்று கொம்பையா அண்ணாச்சியின் வக்கீலும் அவர் தம்பியின் வக்கீலும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போன பிறகு, என் மகள் வர்ணிகா நடக்கப் பழகினாள்.

எங்கள் வளவில் ஐந்து வீடு, நடுவில் ஒரு கிணறு. ஒரு ஐப்பசி மழையில் கிணற்றுச் சுவர் இடிந்து, மோட்டார் குழாய் சாய்ந்திருக்கிற ஒரு மொட்டைச் சுவர் மட்டும் மிச்சம். விழுந்த செங்கல் விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டும், கிணறு அண்ணனுக்கா தம்பிக்கா என்கிற வழக்கு முடிகிற வரைக்கும் அதுதான் அதன் இடம். கொம்பையா அண்ணாச்சி வளவின் பின்பக்கத்து வீட்டில் இருக்கிறார், மெயின் ரோட்டில் டயர் கடை. தம்பி மும்பையில் இருக்கிறார், அவரை நான் பார்த்ததே இல்லை, அவர் வக்கீலைத்தான் பார்த்திருக்கிறேன். நாங்கள் வாடகைக்கு இருக்கிறவர்கள். தண்ணீர் இறைக்கலாம், வாய் பேசக் கூடாது.

எனக்குத் தொழில் பீடி சுற்றுவது. மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும், விரலில் நூல். இந்தக் கோலத்தில் உட்கார்ந்திருக்கிறவள் எழுந்திருப்பது என்றால் அது ஒரு வேலை. சுளகை இறக்கி, தூளை மூடி, மரத்துப்போன காலை உதறி நான் நிமிர்வதற்குள் வர்ணிகா கிணற்று விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, அங்கே தெரிகிற வர்ணிகாவைச் சாப்பிட வா என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். சேலை முந்தானையை அவள் இடுப்பில் கட்டிப் பார்த்தேன், இழுத்துக்கொண்டு போய்ச் சேலை கிழிந்தது. கதவைப் பூட்டிப் பார்த்தேன், அவள் அழுத அழுகையில் பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் வந்து பிள்ளையை அடிக்கிறாயா என்று கேட்டார்கள்.

வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். ஆந்திராவிலிருந்து போனில், "அம்மா வீட்டுக்குப் போயிட்டு வாயேன் கொஞ்ச நாள்" என்றார். அம்மா வீட்டில் கிணறு இரண்டு.

அப்போதுதான் அந்த வீடியோவைப் பார்த்தேன். ஒரு வாசலுக்குக் குறுக்கே சிவப்பாக ஒரு லேசர் கோடு, அதை யாராவது மறித்தால் மணி அடிக்கிறது. ஊரில் பத்தாவது வரைக்கும் படித்த எனக்கு அது புரிந்துவிட்டது. வெளிச்சத்துக்குப் பட்டா கிடையாது, வெளிச்சம் யார் இடத்தையும் பிடிக்காது, எந்த வக்கீலும் வெளிச்சத்தை அகற்றச் சொல்லி மனு போட முடியாது.

பக்கத்து வீட்டுக் கோமு மைனியிடம் சொன்னேன். அவள் இலை வெட்டுவதை நிறுத்தாமல் கேட்டாள், "ஏட்டி முப்பிடாதி, திருவிழாக் கடையில விக்குத அந்தச் சிவப்பு லைட்டா? சட்டையில அடிச்சு விளையாடுவானுவளே, அதுவா?"

"அதை முந்தியே வாங்கிப் பாத்துட்டேன் மைனி. ஒரு நா தாங்கல. இது நாள் பூரா எரியணும். அதுக்கு ஒரு சர்க்யூட்டு வேணும், நானே பண்ணப் போறேன்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பச் சரி, பண்ணு" என்றாள் மைனி. தெரியும் என்று சொல்லியிருந்தால்தான் பயந்திருப்பாள்.

லேசர் டையோடு என்பது ஒரு மிளகு அளவுதான். அது எங்கே கிடைக்கும் என்றால், பழைய டிவிடி பிளேயருக்குள் கிடைக்கும். எங்கள் வளவில் எல்லார் கல்யாணத்துக்கும் சீரில் டிவிடி பிளேயர் வந்திருந்தது, எல்லார் வீட்டிலும் அது பரணில் பட்டுத்துணி போர்த்திக்கொண்டு சும்மா இருந்தது. என்னுடையதை முதலில் பிரித்தேன்.

அந்த மிளகுக்குக் கரண்ட் கொடுப்பதில்தான் சூட்சுமம். பேட்டரியை நேராகக் கொடுத்தால் குடிக்கிற வரைக்கும் குடித்து வெந்துபோகும், அதற்குப் போதும் என்று சொல்லத் தெரியாது. பச்சைப் பிள்ளைக்குப் பாலாடையில் அளந்து அளந்து புகட்டுவதைப் போல, இவ்வளவுதான், இதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது என்று கரண்டை அளந்து விடுகிற ஒரு சர்க்யூட் நடுவில் இருக்க வேண்டும். அதற்குப் பெயர் டிரைவர். மூன்று கால் வைத்த ஒரு ஐசி, இரண்டு ரெசிஸ்டர், கரண்ட் துள்ளாமல் பிடித்துவைக்க ஒரு கெபாசிட்டர், அவ்வளவுதான். மொபைல் கடையில் ஒரு சால்டரிங் கம்பி இரவல் வாங்கினேன். முதல் நாள் விரலைச் சுட்டுக்கொண்டேன், பீடி சுற்றுகிற விரல் என்பதால் அதிகம் தெரியவில்லை.

லேசரை உடனே மாட்டக் கூடாது, அதன் இடத்தில் நாலு சாதா டையோடை வரிசையாக வைத்து, அதில் எவ்வளவு கரண்ட் போகிறது என்று மீட்டரில் பார்க்க வேண்டும். பார்த்தேன். நான் கணக்குப் போட்ட எண்ணிலேயே மீட்டர் நின்றது, ஆடவே இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் பேட்டரியைக் கழற்றாமலேயே அந்த நாலையும் பிடுங்கிவிட்டு லேசரை வைத்தேன். ஒரு கண் சிமிட்டல். பிறகு சாமி மாடத்தில் எரிகிற குட்டி பல்பு மாதிரி மங்கலாக எரிந்துகொண்டு இருந்தது, அதில் கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. கெபாசிட்டருக்குள் நிறைந்து காத்துக்கொண்டிருந்த கரண்ட் மொத்தமும் ஒரே மடக்கில் அதன் வாயில் போயிருக்கிறது. பிள்ளை பசியோடு இருக்கும் என்று குடத்தோடு கவிழ்த்த மாதிரி.

உட்கார்ந்து அழுதேன். கோமு மைனி எட்டிப் பார்த்தாள், உள்ளே போனாள், பட்டுத்துணியோடு தன் டிவிடி பிளேயரைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். "இதுல ஒரு படம் கூடப் பாக்கல. இதாவது பிரயோசனப்படட்டும்" என்றாள்.

இரண்டாவது தடவை எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தேன். பேட்டரியைக் கழற்றி, கெபாசிட்டரை வடியவிட்டு, லேசரை சால்டர் வைத்து, சால்டர் விடுமோ என்ற பயத்தில் பீடிக்கட்டு கட்டுகிற நூலால் நாலு சுற்றுச் சுற்றி, அவிழவே அவிழாத எங்கள் முடிச்சையும் போட்டேன். கண்ணில் பட்டால் கண் போய்விடும் என்று வர்ணிகாவை மைனி வீட்டில் விட்டுவிட்டு, மொட்டைச் சுவரின் ஓரத்தில் தரையிலிருந்து ஒரு முழங்கால் உயரத்தில் சர்க்யூட்டுப் பெட்டியை வைத்து, துணி துவைக்கிற கல்லுக்கு அங்கிட்டு எதிர்வீட்டுச் சுவரில் ஒரு மண்சட்டியைச் சாய்த்துவைத்து, மணியைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம், முதலில் வெளிச்சம் வரட்டும் என்று பேட்டரியைக் கொடுத்தேன். சட்டியில் சிவப்புப் புள்ளி விழுந்தது. தூசியோ புகையோ இருந்தால்தான் லேசர் கோடு கண்ணுக்குத் தெரியும் என்று வீடியோவில் சொன்னார்கள். எங்கள் வளவுக் காற்றில் பீடித்தூள் எப்போதும் இருக்கும் என்பதால், சுவரிலிருந்து சட்டி வரைக்கும் நூல் பிடித்த மாதிரி ஒரு செக்கச்சிவந்த கோடு நின்றது.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பேட்டரியைக் கழற்றினேன். கோடு போகவில்லை.

கெபாசிட்டரில் மிச்சம் இருக்கும் என்று நினைத்து உலை வைக்கப் போனேன். சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தேன், இருந்தது. பெட்டியையே எடுத்து வீட்டுக்குள் வைத்தேன், அப்போதும் கோடு மொட்டைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நீட்டிப் படுத்திருந்தது. தொட்டால் வெயிலில் காய்ந்த நூல் மாதிரி வெதுவெதுப்பு. கண்ணைக் கூசவில்லை. வீட்டுக்காரர் போனில், "பேட்டரியை மாத்திப் பாரேன்" என்றார். "பேட்டரியே இல்லைங்க" என்றேன். "அப்பப் பேட்டரிச் செலவு இல்ல" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

மறுநாள் காலையில் கோமு மைனி குடத்தோடு வந்து கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாள். முழங்கால் உயரம்தான், ஒரு எட்டு வைத்தால் அந்தப் பக்கம். ஆனால் எங்கள் ஊரில் நீட்டிப் படுத்திருக்கிற பிள்ளையை யாரும் தாண்ட மாட்டோம். தாண்டினால் பிள்ளை வளராது. தெரியாமல் தாண்டிவிட்டால் தாண்டினவர் வந்த வழியே திருப்பித் தாண்டிவிட வேண்டும், அதோடு தோஷம் கழிந்தது. மைனி குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள், என்னைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், பிறகு தூக்கத்தில் இருக்கிற பிள்ளையிடம் சொல்கிற குரலில், "தாயி, கொஞ்சம் காலை மடக்கிக்கோ" என்றாள்.

கோடு மடக்கிக்கொண்டது. பிள்ளைகள் புரண்டு முட்டியை மடக்குகிற மாதிரியேதான். மைனி போய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பி வந்ததும் பழையபடி நீட்டிக்கொண்டது.

அன்றிலிருந்து அது எங்கள் வளவில் ஒரு பிள்ளை. தண்ணீருக்கு வருகிறவர்கள் தாயி என்றார்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் பாப்பா என்றார்கள், யார் எப்படிக் கூப்பிட்டாலும் மடக்கியது, ஆனால் நகரு என்று அதட்டியவர்களுக்கு நகரவில்லை, அவர்கள் மறுபடி ஒருதரம் நன்றாகக் கேட்க வேண்டியிருந்தது. கரண்ட் ஆபீசிலிருந்து லைன்மேன் வந்து, இது எந்த மீட்டரிலும் சேராது என்று பார்த்துவிட்டு, திரும்பும்போது அதனிடம் சொல்லிக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் கோடு தடித்துப் பளபளவென்று ஆகும், குளித்து வந்த பிள்ளையின் முகம் மாதிரி இருக்கும், கண்பட்டுவிடும் என்று மைனி மொட்டைச் சுவரில் அது தொடங்குகிற இடத்தில் ஒரு மைப்பொட்டு வைத்தாள். பீடிக்கடைக்குப் போகிற பெண்கள் சுளகோடு வந்து அதன் ஓரத்தில் உட்கார்ந்து சுற்றினார்கள், நல்ல கலகலப்பு. ஒருத்தி தன் துணியைக் காயப்போட அதைக் கேட்டாள். பிள்ளை மேலேயா துணி போடுவார்கள் என்று நாலு பேர் அவளை ஏசினார்கள்.

வர்ணிகா வந்தால் மட்டும் அது மடக்காது. அவள் முட்டினால் கொஞ்சம் போலக் கொடுத்து, அவள் வயிற்றளவுக்கு உயர்ந்து, மெதுவாக அவளைப் பின்னால் தள்ளி உட்காரவைக்கும். அவள் சிரிப்பாள், மறுபடி முட்டுவாள். நான் சுளகிலிருந்து தலையைத் தூக்காமல் பீடி சுற்றினேன், கல்யாணமான பிறகு அப்படி ஒரு நிம்மதியோடு நான் உட்கார்ந்ததில்லை.

ஆனால் கோடு ஒரு பக்கம்தானே. மற்ற பக்கம் எல்லாம் திறந்து கிடந்தது, அங்கே நான் கட்டிலைச் சாய்த்தும் அண்டாவைக் கவிழ்த்தும் மறித்து வைத்திருந்தேன். வீட்டுச் சாமான், கட்டினது இல்லை, யாரும் கேட்க முடியாது. அப்போதுதான் கவனித்தேன், கோடு வளர்கிறது. சட்டியோடு நிற்காமல் வளைந்து, நாளுக்கு ஒரு சாண் என்று கிணற்றைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. லேசர் வளையாது, எல்லாருக்கும் தெரியும். எங்கள் பிள்ளை வளைந்தது. அது நீள நீள நான் முதலில் கட்டிலை எடுத்தேன், பிறகு அண்டாவை எடுத்தேன், கடைசியில் மொட்டைச் சுவரின் மறுபக்கத்துக்கு வந்து சேர ஒரு ஆள் புகுகிற இடைவெளிதான் பாக்கி. இன்னும் கொஞ்ச நாள், வட்டம் முடிந்துவிடும் என்று காத்திருந்தேன்.

அந்த வாரம் மோட்டார் ஓடாமல் போக, கொம்பையா அண்ணாச்சி கடையிலிருந்து நேராக வளவுக்குள் வந்தார். கோட்டுக்கு முன்னால் நின்றார். "தாயின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணாச்சி, மடக்கிக்கும்" என்றாள் மைனி.

"என் கிணத்துக்கு நான் போக ஒரு லைட்டுகிட்டக் கேட்டுட்டுப் போகணுமாக்கும்" என்றார் அண்ணாச்சி. கோபமாகச் சொல்லவில்லை. வருஷக்கணக்காகக் கோர்ட்டுப் படி ஏறி இறங்கி அலுத்துப்போன மனுஷன், இன்னொரு இடத்தில் போய்க் கேட்டு நிற்க அவருக்கு முடியவில்லை. முட்டிவலிக் காலைத் தூக்கிப் போட்டுத் தாண்டினார். மோட்டாரைத் தட்டிப் பார்த்தார். பின்பக்கத்து இடைவெளி வழியாகத் தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

அதோடு கோடு வளர்வது நின்றது. மறுநாளும் அதே இடம், அதற்கு மறுநாளும் அதே இடம். நுனி மட்டும் பால் மறந்த பிள்ளையின் உதடு மாதிரி லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியில் அண்டாவைத் திரும்பவும் கவிழ்த்தேன். அது அண்ணாச்சி வீட்டுக்குப் போகிற பாதை, அவர் வீட்டார் எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்கள்.

வளவுப் பெண்கள் சேர்ந்து டயர் கடைக்குப் போனோம். மைனிதான் பேசினாள். "ஒண்ணும் பெரிசா இல்ல அண்ணாச்சி. கிணத்துப் பக்கம் நின்னு, வந்த வழியே ஒரு எட்டு திருப்பித் தாண்டிருங்க. பிள்ளை வளராம நிக்கி."

"எந்தப் பிள்ளை?"

"வெளிச்சம்."

அண்ணாச்சி சிரிக்கவில்லை. யோசித்தார். "வக்கீல்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றார். வக்கீல் கூடாது என்று சொல்லிவிட்டார். தாண்டியதைத் திருப்பித் தாண்டினால் அங்கே ஒரு கோடு இருப்பதாக ஒப்புக்கொண்டது ஆகும், கோட்டை ஒப்புக்கொண்டால் கோட்டுக்கு உள்ளே ஒரு பாகம், வெளியே ஒரு பாகம் என்று ஆகும், தம்பி வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார். தம்பி வக்கீலும் மும்பைக்குப் போன் போட்டு, அண்ணன் தாண்டினாரா தாண்டவில்லையா என்று கவனித்துச் சொல்ல ஆள் வைத்தார்.

"எனக்குத் தாண்டுறதுல ஒண்ணும் இல்ல தங்கச்சி" என்றார் அண்ணாச்சி என்னிடம், முகத்தைப் பார்க்காமல். "என் நிலைமை அப்படி."

"என் பிள்ளையும் அப்படித்தான் அண்ணாச்சி, நிலைமை தெரியாம நடக்கு" என்றேன்.

அதற்குப் பிறகு டயர் கடைக்குப் பஞ்சர் ஒட்ட வருகிறவன் முதற்கொண்டு, "திருப்பித் தாண்டியாச்சா அண்ணாச்சி?" என்று கேட்டான். அவர் வீட்டிலும் கேட்டார்கள். அவர் காது கேளாதவர் மாதிரி இருக்கப் பழகிக்கொண்டார். நான் சுளகைத் தூக்கிக்கொண்டுபோய் அந்த இடைவெளியிலேயே உட்கார்ந்து சுற்றினேன். பகல் முழுக்க நான்தான் மிச்ச வேலி.

ஒரு நாள் மத்தியானம் அடுப்பில் பால் பொங்குகிற வாசனை வந்தது. வர்ணிகா மைனி மடியில் இருந்தாள், அதனால்தான் எழுந்து போனேன். மைனி மடியில் அவள் இருந்தது உண்மை, மைனி கண் அயர்ந்ததும் உண்மை. பாலை இறக்கிவிட்டு வெளியே வந்தால், என் பிள்ளை அந்த இடைவெளி வழியாகப் புகுந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம், கிணற்று விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு காலையும் உள்ளே தொங்கப்போட்டு, ஆட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் குரல் வரவில்லை. வந்திருந்தால் கத்தியிருப்பேன், கத்தியிருந்தால் அவள் திரும்பியிருப்பாள், அதை இன்றைக்கும் முழுசாக நினைக்க முடியாது.

பின்பக்கத்திலிருந்து மோட்டாரைப் பார்க்க வந்த கொம்பையா அண்ணாச்சி அப்போது மொட்டைச் சுவருக்குப் பக்கத்தில் நின்றார். அவரும் கத்தவில்லை. செருப்பைக் கழற்றினார். மடக்கவே முடியாது என்று வைத்தியரிடம் சொல்லிக்கொண்டிருக்கும் அந்த முட்டியை மடக்கிக் குந்தினார், குந்தினபடியே நகர்ந்தார், பூனைக்குட்டியை எடுக்கிற மாதிரி பின்னாலிருந்து இரண்டு கையாலும் அவளை அள்ளி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு எழுந்தார். நான் எதிரே நின்றேன். அவருக்கும் எனக்கும் நடுவில் வெளிச்சம் நீட்டிப் படுத்திருந்தது. சுற்றி வர வேண்டும் என்றோ, வக்கீல் என்றோ, யார் பார்க்கிறார்கள் என்றோ அவருக்கு ஒன்றும் இல்லை. நேராக வந்தார், ஒரே எட்டில் தாண்டினார், என் கையில் கொடுக்க வந்தவர் கொடுக்காமல் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டே நின்றார்.

மைனி எழுந்து வந்து, தலையில் அடித்து அழுது, எல்லாம் முடிந்த பிறகுதான் அண்ணாச்சி தன் காலடியைப் பார்த்தார்.

"இப்ப நான் தாண்டிட்டனோ?" என்றார்.

"தாண்டிட்டிய" என்றாள் மைனி மூக்கைச் சிந்திக்கொண்டு. "வக்கீலுக்குப் போன் போடவா அண்ணாச்சி?"

"போட்டுக்கோ" என்றார். "இவ அம்மைக்கு முதல்ல தண்ணி குடு."

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோட்டின் நுனி நடுக்கம் நின்று, நின்றுபோன நாட்களுக்கும் சேர்த்து நீண்டது; ஈரத்துணியில் தண்ணீர் ஏறுகிற மாதிரி ஏறி ஏறி, வெயில் தாழ்வதற்குள் மொட்டைச் சுவரின் மறுபக்கத்தைத் தொட்டு நின்றது.

வழக்கு இன்னும் நடக்கிறது. அந்த வெளிச்சம் யாருடையது என்று இப்போது அதையும் வழக்கில் சேர்த்திருக்கிறார்கள், போன வாய்தாவுக்கு அண்ணனும் தம்பியும் ஒரே காரில் போனதாகக் கேள்வி. அண்ணாச்சி மோட்டார் போட வரும்போது தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏ தாயி" என்கிறார். அவர் முட்டிக்காக அது மற்றவர்களுக்கு மடக்குவதைவிட நன்றாகவே மடக்கிக் கொடுக்கிறது. ஆட்டுக்குட்டிக்கு மடக்குகிறது, கோழிக்கு மடக்குகிறது, கோமு மைனி கொட்டாவி விட்டால்கூட மடக்குகிறது.

வர்ணிகா இப்போது நன்றாகப் பேசுகிறாள். தினமும் அதற்கு முன்னால் போய் நின்று, இடுப்பில் கை வைத்து, "தாயி, காலை மடக்கிக்கோ" என்கிறாள். அது மடக்குவதில்லை. என்னிடம் ஓடி வந்து, "ஏம்மா எனக்கு மட்டும் மாட்டேங்கு?" என்று சிணுங்குகிறாள். நான் இலையில் தூளை வைத்துச் சுருட்டிக்கொண்டே, இன்னும் கொஞ்சம் வளரு, கேட்டுப் பாப்போம் என்கிறேன். அது வளர்ந்து முடித்துவிட்டது, இனி இவள்தான் வளர வேண்டும்.